பேசிக்கிட்டே இருங்க

"பேசிக்கிட்டே இருங்கக்கா. நீங்க நிறுத்தினா என் கையும் நின்னுடும்" என்றார் மூளை அறுவை டாக்டர், நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"எனக்கா பேசச் சொல்லித் தரீங்க?" என்று பச்சைத் துணிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. "வராத ரயிலையே வந்துக்கிட்டிருக்குன்னு சொல்லி ஜனங்களை நம்ப வெச்சவ நான்."

அதில் பொய்யில்லை. ரயில் நிலையத்தில் அறிவிப்புச் சொல்லும் அந்த அக்காவின் குரலைக் கேட்டால், தாமதமாக வரும் வண்டிகூட வெட்கப்பட்டு வேகமெடுக்கும். 'நடைமேடை மாற்றப்பட்டுள்ளது' என்று அவர் சொன்னால், தூண்களே மூட்டையைத் தூக்கிக்கொண்டு நகரும். அப்பேர்ப்பட்ட குரல் பிறக்கிற இடத்துக்குப் பக்கத்தில்தான் புற்றுக்கட்டி வந்து ஒண்டுக்குடித்தனம் போட்டிருந்தது.

"உசிரைக் காப்பாத்துங்க டாக்டர். ஆனா பேச்சை எடுத்துக்கிட்டு உசிரை மட்டும் கையில குடுத்துடாதீங்க" என்று முந்தின நாளே சொல்லிவிட்டார் அக்கா.

அதற்காகத்தான் இந்த ஏற்பாடு. மண்டையோட்டைத் திறக்கும்வரை, வாயில் மூச்சுவிட ஒரு குழாயோடு தூக்கம். பிறகு குழாயை எடுத்து எழுப்பி, பேசவைத்துக்கொண்டே வெட்ட வேண்டும். மூளைக்கு வலி தெரியாது. பேச்சு குழறினால் கத்தி அந்த இடத்திலேயே நின்றுவிட வேண்டும்.

காலையில் அக்காவுக்கு ஒரு மருந்தைக் குடிக்கக் கொடுத்திருந்தார்கள். விளக்குகளை அணைத்து நீல ஒளியைப் பாய்ச்சினால், நல்ல சதை நீலமாகக் கிடக்கும். புற்று மட்டும் ஊதிவிட்ட தணல்போல இளஞ்சிவப்பாகக் கண் விழிக்கும். அறை அமாவாசைக்கே அண்ணனாக இருந்தது. டாக்டருக்குத் தெரிந்ததெல்லாம் அந்தத் தணலும் அந்தக் குரலும்தான்.

டாக்டர் முணுமுணுத்துக்கொண்டே வேலை செய்கிற பேர்வழி. கட்டியை வம்சத்தோடு திட்டுவார்; கத்தரிக்கோலிடம் நலம் விசாரிப்பார். முகமூடிக்குள் அவர் பேசுவதை யாரும் காதில் போட்டுக்கொள்வதை விட்டு ஒரு யுகமாகிறது.

கட்டி கரைந்துகொண்டே வந்தது. கடைசியில் ஓரமாக ஒரு சின்னத் தணல் மிச்சம். பேச்சுக்கு மிக மிக அருகில்.

டாக்டரின் கை நின்றது. முன்பு ஒருமுறை, இதே இடத்தில், ஒரு வக்கீலுக்கு எடுக்கக்கூடாததை எடுத்துவிட்டார். வக்கீல் நன்றாகத்தான் இருக்கிறார். அவ்வப்போது வந்து எதிரே உட்கார்ந்து, ஒரு வார்த்தை இல்லாமல் டாக்டரையே பார்த்துச் சிரித்துவிட்டுப் போகிறார். அந்தச் சிரிப்புக்குப் பயந்து புரண்டு புரண்டு, டாக்டர் வீட்டில் தலையணைகளெல்லாம் அப்பளமாகிவிட்டன.

எடுத்தால் அக்காவும் வக்கீல் மாதிரி சிரிக்கலாம். விட்டால் தணல் மறுபடி பற்றிக்கொள்ளும்.

"என்ன டாக்டர், வண்டி நடுவழியில நின்னுடுச்சு?" என்றது குரல்.

"ஒரு துளி பாக்கி இருக்குக்கா. உங்க பேச்சை ஒட்டிக்கிட்டு."

"அதுக்குத்தானே பேசச் சொன்னீங்க? எடுங்க. நான் உளறினா விட்டுடுங்க. உங்க மயக்க மருந்து டாக்டர் உளறாத உளறலா? அவர் பேச ஆரம்பிச்சப்பவே எனக்குக் கொட்டாவி வந்துடுச்சு. மருந்து தண்டம்."

டாக்டர் குலுங்காமல் சிரித்துக்கொண்டார். ஊசிப்போன ஜோக்குக்கே சுவரில் அடித்துக்கொண்டு சிரிக்கும் மயக்க மருந்து டாக்டரிடமிருந்து ஒரு செருமல்கூட இல்லை. மனுஷனுக்கு ரோஷம் வந்துவிட்டது போலிருக்கிறது.

"சார், அந்த ஓரத்தையுமா?" என்று தயங்கிக் கேட்டாள் பக்கத்தில் நின்ற உதவி டாக்டர்.

"உத்தரவு வாங்கியாச்சும்மா."

அவர் சொன்னால் மறுபேச்சு ஏது?

குரல் தொடங்கியது. "பயணிகளின் கனிவான கவனத்திற்கு... வடக்கு நோக்கிச் செல்லும் விரைவு வண்டி..." ழகரம் ழகரமாக, ளகரம் ளகரமாக, இழைத்து இழைத்து வந்தது. அந்தத் தாளத்துக்கே டாக்டரின் விரல்கள் நகர்ந்தன. தணல் மிளகாகி, கடுகாகி, ஊசிமுனையாகி, அணைந்தது. கண்ணுக்கு எட்டியவரை நீலம்.

"...புறப்படத் தயாராக உள்ளது" என்று முடித்த குரல், எங்கோ தொலைவிலிருந்து கேட்பதுபோல, "போதுமா டாக்டர்?" என்றது.

"போதும்க்கா. ஒரு பொட்டு சிவப்பு இல்ல. உங்களுக்கும் ஒரு எழுத்து பிசகல."

பதில் இல்லை. களைத்துப் போயிருப்பார், பாவம்.

விளக்கைப் போடச் சொன்னார் டாக்டர். முதுகை நிமிர்த்தியபோது, வக்கீல் எப்படிச் சிரிப்பார் என்பதே அவருக்கு ஞாபகம் வரவில்லை.

துணிக்கு மேலே மயக்க மருந்து டாக்டரின் தலை எட்டிப்பார்த்தது.

"வாயில இருக்கிற குழாயை இப்ப எடுத்துடவா சார், அக்காவை எழுப்ப?"