மருந்து அடித்துவிட்டு வந்தவன்

தக்காளித் தோட்டத்தில் மருந்து அடித்துவிட்டு வந்தவன் தெளிப்பானை முதுகிலிருந்து இறக்காமலேயே வாசலில் நிற்கிறான். மருந்தில் நனைந்த சட்டை உடம்போடு ஒட்டி, சாயங்கால வெயிலில் மினுங்குகிறது. பூண்டு அழுகினது போன்ற நெடி அவனுக்கு முன்னால் வீட்டுக்குள் நுழைந்துவிட்டது. அடுப்படியில் மாவு பிசைந்துகொண்டிருந்த மனைவி மூக்கைச் சுளித்துக்கொண்டு திரும்புகிறாள். அதற்குள் குழந்தை அப்பாவைப் பார்த்துவிட்டது. இரண்டு பல் தெரியச் சிரித்தபடி, உள்ளங்கைகள் தரையில் பட்பட்டென்று அறைய, அவனை நோக்கித் தவழ்கிறது. "தூக்கிடாதீங்க!" என்று அவள் கத்துகிறாள். "நான் எங்கடி தூக்கினேன்? நீ வந்து பிடி!" என்று அவன் பின்வாங்குகிறான். குழந்தைக்கு அது விளையாட்டு. அவன் நகர நகர, கீச்சென்று சிரித்து இன்னும் வேகமாக வருகிறது. வாசலில் அவன் நின்ற இடத்தில் தெளிப்பான் சொட்டிய ஈரம் பளபளக்கிறது. குழந்தை நின்று, அதை ஆசையாகத் தட்டிப் பார்த்து, கையை வாய்க்குக் கொண்டுபோகிறது. "ஐயோ!" என்கிறான். மாவுக் கையோடு ஓடிவந்தவள் உதட்டருகே அந்த மணிக்கட்டைப் பிடித்துவிடுகிறாள். குழாயடியில் சோப்புப் போட்டு விரல் விரலாகத் தேய்க்கிறாள். கழுவி முடித்தும் மறுபடி தேய்க்கிறாள். "வெறும் பூச்சி மருந்துதானே, நமக்கு ஒண்ணும் பண்ணாதுன்னு காலையில சொன்னீங்களே. இப்ப ஏன் இப்படிப் பதறுறீங்க?" வீறிட்டு அழும் குழந்தை அவனிடம் போக இரண்டு கைகளையும் நீட்டுகிறது. அவன் தன் கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொள்கிறான்.