செவலையின் குட்டி

கிடாவின் காதைப் பிடித்துக்கொண்டு, அதன் தாத்தா யார் என்று டாக்டர் கேட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. எங்களைச் சிலோனிலிருந்து கப்பலேற்றி இறக்கிய இடத்தில் எவனோ ஒருவன் என் அப்பா பெயரை மாற்றி எழுதினான். அந்தப் பெயரில் எங்கள் குடும்பத்தில் ஆளே கிடையாது. என் ஆதாரில் இன்றைக்கும் அவர்தான் அப்பா.

காகிதத்தை நம்புகிறவன் நான் இல்லை.

என் மகள் சங்கவி நம்புகிறாள். ஐந்து வருஷமாக ஒரு நோட்டு வைத்திருக்கிறாள். எந்த ஆடு எந்தக் கிடாவோடு சேர்ந்தது, என்றைக்கு ஈன்றது, எல்லாம் அதில் இருக்கும். நம்மிடம் இருப்பது கலப்பில்லாத தெரசா ஆடு, நிக்கோபார் தீவுகளுக்கே உரிய ஜாதி, மூன்று தலைமுறை காட்டினால் சர்க்கார் பதிவேட்டில் ஏற்றுவார்கள் என்று எங்கேயோ கேட்டுவிட்டு வந்தாள். மனு மேல் மனு போட்டாள். அதற்காகத்தான் போர்ட் பிளேரிலிருந்து கப்பலேறி இந்தப் பிரவீன்குமார் டாக்டர் எங்கள் கட்சால் தீவு வரைக்கும் வந்திருக்கிறார்.

தாயாடு செவலைக்கும் அதன் மூத்த பெட்டைகள் இரண்டுக்கும் காதில் மஞ்சள் வில்லை குத்தியாகிவிட்டது. மிச்சம் இந்தக் கிடாதான். சங்கவிக்கு உயிரே இதன் மேல்தான். பதிவானால் பொலிகிடாவாகப் பண்ணைக்குப் போகும். வளர்த்தவர் என்ற இடத்தில் அவள் பெயர் இருக்கும்.

டாக்டர் கையில் வில்லைக் குறடு தயாராக இருந்தது.

"தாய் செவலைதான், பக்காவா அங்கிள்?"

நான் வாய் திறக்குமுன் சங்கவி சொன்னாள். "அப்பா கண்ணு முன்னாடி பொறந்தது சார். அவர் பொய் சொல்ல மாட்டார்."

அவள் அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

குனிந்து நோட்டைப் பிடித்தபடி நின்றாள். அரை நிமிஷம் சும்மா இருந்தால் போதும், காரியம் முடிந்துவிடும். காகிதத்தில் இன்னொரு பொய் ஏறினால் எனக்கென்ன? ஆனால் இந்தக் கிடா நாளைக்கு நூறு குட்டிக்குத் தகப்பன். அதுகளை வாங்குகிற அத்தனை பேரும் இவள் நோட்டை நம்புவார்கள்.

"இது செவலைக்குப் பொறந்தது இல்ல சார்" என்றேன்.

குறடு அப்படியே நின்றது.

இரண்டு வருஷத்துக்கு முன் நடந்ததைச் சொன்னேன். சங்கவி அப்போது பரீட்சை எழுதப் போர்ட் பிளேர் போயிருந்தாள். செவலைக்குக் குட்டி செத்துப் பிறந்தது. மடி கல்லாய்க் கட்டி, ஆடு கத்திக்கொண்டே கிடந்தது. மறுநாளே பக்கத்து லைன் வீட்டு அழகர்சாமியின் ஆடு, எந்த ஊர் ஜாதியோ, ஈன்ற கையோடு செத்துப்போனது. அந்தக் குட்டியைத் தூக்கி வந்தேன். செவலை முட்டித் தள்ளியது. செத்த குட்டியைப் புதைத்த இடத்தில் தோண்டி, தோலை உரித்து, இதன் மேல் போர்த்திக் கட்டினேன். செவலை மோந்து பார்த்தது. பிறகு காலை அகட்டி நின்று மடியைக் கொடுத்தது.

சங்கவி திரும்பி வந்தாள். செவலையிடம் ஒரு குட்டி பால் குடிப்பதைப் பார்த்தாள். நோட்டில் எழுதிக்கொண்டாள். அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் சில விஷயங்களைப் பேசிப் பழக்கமில்லை.

"குத்தியிருந்தா எனக்கு மெமோதான் அங்கிள்" என்று டாக்டர் குறடைப் பைக்குள் போட்டார். மற்ற மூன்றும் சுத்தம், மந்தை பதிவேட்டில் வந்துவிட்டது, அடுத்த ஈற்றில் கிடாக்குட்டி விழுந்தால் எழுதுங்கள், நானே வருகிறேன் என்றார்.

சங்கவி நோட்டில் ஒரு பக்கத்தை நீளமாகக் கோடு போட்டு அடித்தாள். கோபம்தான். மூக்கு சிவந்துவிட்டது. ரெண்டு வருஷம் வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருந்தீர்கள் என்று கேட்டாள். பிறகு கிடா அவள் துப்பட்டாவைக் கடித்து இழுக்க, சிரித்தும்விட்டாள். இனி இதைப் பண்ணைக்கு அனுப்ப வேண்டாம், இங்கேயே இருக்கட்டும் என்று அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

செவலைக்குக் கடைசி வரை தெரியவே இல்லையா என்று டாக்டர் கேட்டார்.

தோல் நாற ஆரம்பித்த மூன்றாம் நாளே அவிழ்த்துவிட்டேன், அதற்குள் தன் குட்டி என்று முடிவு பண்ணிவிட்டது, ஏமாந்த ஜீவன் என்றேன்.

டீ டம்ளர்களோடு வந்த என் வீட்டுக்காரி சொர்ணம்மா, எனக்கு மட்டும் கொடுக்காமல் நின்றாள்.

"அது ஒண்ணும் ஏமாறல. மொதல் நாளே தெரியும். தெரிஞ்சுதான் குடுத்துச்சு."

செவலையைப் பார்த்துச் சொல்லவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னாள். அப்புறம்தான் டம்ளரை நீட்டினாள். வாங்கிக் குடித்தேன். ரொம்ப நாளுக்குப் பிறகு எனக்கு மூச்சு நன்றாக இறங்கியது.

சுனாமி அலை வந்த வருஷம், முகாமில் ஒன்பது நாள் அவள் சாப்பிடவில்லை. கையில், அலை கொண்டுபோன பிள்ளையின் கவுன் ஒன்று மட்டும் இருந்தது. பத்தாம் நாள் மதியம் அவள் கண்ணயர்ந்தபோது அதை உருவி, யாருமே தேடி வராத ஒரு குழந்தைக்கு மாட்டி, பக்கத்தில் படுக்கவைத்தேன்.

கண் விழித்தவள், "சங்கவி" என்று இழுத்து அணைத்துக்கொண்டாள்.

கவுன் கணுக்கால் வரை தொங்கியது. மறுநாள் யாரிடமோ ஊசி நூல் வாங்கி, அவளே மடித்துத் தைத்தாள்.