வேணிக்கு வேண்டாம் குவாரி

மேசையை ஓங்கித் தட்டியதில் வேணியின் கையிலிருந்த புதுக் கண்ணாடி வளையல்கள் குலுங்கின. "குவாரி டியூட்டியில இருந்து எம்பேரை யாரைக் கேட்டு சார் எடுத்தீங்க?"

மேலாளர் குருநாதன் பதறிப்போனார். "மொதல்ல உக்காரும்மா. இந்த மாதிரி நேரத்துல ஆவேசப்படக் கூடாது. வளைகாப்பு போட்டோ ஸ்டேட்டஸ்ல பாத்தேன். கன்னத்துல சந்தனமும் பூவுமா…"

"ஆமா, வளைகாப்புக்குப் போனேன். அதுக்கும் டியூட்டிக்கும் என்ன சார்?"

"அரியலூர் வெயில்ல, சுண்ணாம்புக்கல் தூசியில உன்னை நிறுத்திட்டு எனக்குச் சோறு எறங்குமா? எம்பொண்ணு மாதிரிம்மா நீ. ஏசியில உக்காரு."

அந்தப் பரிவில்தான் வேணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள். குவாரி அனுபவத்தை இந்த வருஷம் முடித்தால்தான் சுரங்க மேலாளர் தேர்வு எழுத முடியும்.

"பொண்ணு மாதிரின்னா ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே? எம்பேரை அடிச்சிட்டு, எங்கூட வேலை பாக்கற சரத்குமாரைப் போட்டுட்டீங்க. அவன் பரீட்சை எழுதுவான், நான் ஏசியில காத்து வாங்கணுமா? நல்ல மனசோட பண்ணாலும் ஓரவஞ்சனை ஓரவஞ்சனைதான். லேபர் கோர்ட்டுல மனசையா பாப்பாங்க?"

கோர்ட் என்றதும் குருநாதன் இறங்கி வந்தார். "இப்ப என்னதாம்மா பண்ணச் சொல்ற?"

"மாசமா இருக்கறவங்க அவங்களா கேட்டா லேசான வேலை. கேக்காம யாரையும் மாத்தக் கூடாது. சம்பளம் குறையக் கூடாது. காண்ட்ராக்ட் ஆளுங்களுக்கும் சேத்து, குரூப்புல போடுங்க."

"அவ்வளவுதானே? உனக்கில்லாததா!" செல்போனை எடுத்துக் குவாரி குரூப்பில் அப்படியே போட்டார். காண்ட்ராக்டர் தங்கராசு உடனே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படத்தை அனுப்பினார்.

"உம்பேரும் நாளையிலேருந்து குவாரியில. போதுமா? லேசான வேலை வேணும்னா கூச்சப்படாம கேளும்மா."

வேணி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

"நேத்தே கேட்டாச்சு சார், கீழ கல்லு தூக்கற பஞ்சவர்ணம் அக்கா. இனிமே வேலைக்கே வராதேன்னுட்டாரு தங்கராசு. நான் போனது அவங்க வளைகாப்புக்குத்தான். மாசமா இருக்கறது அவங்கதான், நான் இல்ல."