தாழ்ப்பாள்

வெள்ளத்துக்குப் பிறகு முகாமாகிவிட்ட பள்ளிக்கூடத்தில் பெண்களுக்கு ஒரே கழிப்பறை. கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. நான்கு நாளாகப் பொற்கொடிதான் வெளியே முதுகைக் கொடுத்துக் கதவை அடைத்து நிற்கிறாள். “வீடு போச்சு, வேலை கெடச்சிட்டு” என்று வரிசையையே சிரிக்க வைப்பாள். என்ன வேண்டுமென்று எழுதிக்கொண்டு போனவர்களிடம் தாழ்ப்பாள் என்றாள். மூன்று முறையும் பன்தான் வந்தது.

இன்று வரிசையில் நின்ற ரெஜினாவைக் கதவில் நிறுத்திவிட்டுப் பொற்கொடி உள்ளே போனாள். குழாயைத் திறந்துவிட்டு, முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு, வீடு போனதற்கு முதல்முறையாக அழுதாள்.

“யக்கா, ஆச்சா? நெறய பேரு நிக்காங்க!”

பொற்கொடி தொண்டையைச் செருமிக்கொண்டாள். “பொறுடீ. நாலு நாள் பன்னு, லேசுல விடுமா?”

வெளியே வரிசை கொல்லென்று சிரித்தது. அவள் குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டாள்.