காருக்கு அடியில் விரித்த தாள்

தாளில் கறை இல்லை.

அவர் இன்னும் கொஞ்சம் குனிந்தார். கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்து, மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

இல்லை. ஒரு பொட்டுகூட இல்லை.

ஒரு மாதமாகத் தினமும் காலையில் ஒரே தரிசனம்தான். காருக்கு அடியில் பழைய பேப்பர். பேப்பரின் நடுவில் தோசை அகலத்துக்கு ஆயில்.

கல்யாணத்துக்கு முன்பே வாங்கிய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே பேர்தான் உட்காரலாம். அந்த இரண்டாவது சீட்டுக்காகத்தான் இவனுக்குப் பெண்ணே பார்த்தோம் என்று சொந்தத்தில் கேலி செய்வார்கள்.

சில்லறை வேலைகளை எல்லாம் அவரே முடித்துவிட்டார். கதவுக் கைப்பிடி. வைப்பர். பக்கக் கண்ணாடி. கண்ணாடி கொஞ்சம் கோணல்தான், சாலைக்குப் பதிலாக வேப்பமரத்தைக் காட்டுகிறது. போகட்டும்.

இந்த ஒழுக்குதான் ஆட்டம் காட்டியது.

எஞ்சினுக்கு அடியில் ஒரு போல்ட். அதற்கு ஒரு செப்பு வாஷர். மரையில் நேராக வைத்துத் திருகினால் முடிந்தது. கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை.

கை நடுங்காதவனுக்கு.

போன தீபாவளிக்குப் பிறகு வந்தது நடுக்கம். டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். நடுக்கமும் கூடியது. போல்ட்டை மேலே கொண்டுபோனால், மரையைத் தவிர மற்ற எல்லா இடத்தையும் தொடும்.

மெக்கானிக்கைக் கூப்பிட்டிருக்கலாம். வீம்பு விடவில்லை.

"இதை என் கையால நிறுத்துனா வண்டி இங்க இருக்கும். இல்லீன்னா ஞாயித்துக்கெழமை உன் தம்பி வந்து எடுத்துட்டுப் போகட்டும்" என்று லோகநாயகியிடம் சொல்லியிருந்தார். மனைவியிடம் வாய்விட்டுச் சொன்னதை அவர் இதுவரை மாற்றியதில்லை.

இன்று ஞாயிறு.

நேற்று சாயங்காலம் மல்லாந்து படுத்துக் கடைசியாக ஒரு முறை முறுக்கினார். வீட்டில் மிச்சமிருந்த ஒரே பழைய பேப்பரை அடியில் விரித்தார். முழுப்பக்கப் பட்டுப்புடவை விளம்பரம்.

"லோகு! நின்னுருச்சு!"

அவள் சமையலறை வாசல்வரை வந்தாள். பக்கத்தில் வந்து பார்க்கவில்லை.

"நாந்தான் சொன்னனுங்களே" என்றாள்.

அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வண்டி இருக்கும். கை இன்னும் தன் கைதான். மச்சினன் வந்தால் முகத்துக்கு நேரே தாளை ஆட்டிக் காட்ட வேண்டும்.

"பேப்பர் எங்க?"

"இன்னைக்கு வரலீங்க."

வராவிட்டால் என்ன. உலகம் எக்கேடு கெட்டால் என்ன. அவர் திரும்பிப் போய்க் காருக்கு அடியில் கையை நீட்டித் தாளின் ஓரத்தைப் பிடித்தார்.

கறையை மட்டும் தேடிய கண்ணுக்கு இப்போதுதான் பட்டது. புடவை இல்லை.

இந்த வார ராசிபலன்.

தேதியைப் பார்த்தார். இன்றைய தேதி.

அவருடைய ராசிக்கு, எடுத்த காரியம் ஜெயமாகும் என்று போட்டிருந்தது. எந்த வாரம்தான் ஆகாது என்று போட்டிருக்கிறார்கள்.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. எழுத்தின்மேல் மெல்லப் பரவியது.

அவர் தாளை விட்டுவிட்டார்.

கோபம் வரவில்லை. வந்தால் நன்றாக இருந்திருக்கும். தனக்கு முன்னால் எழுந்து, நேற்றைய தாளை உருவி எறிந்து, வாசலில் வந்து விழுந்த பேப்பரைப் பிரித்து விரித்திருக்கிறாள். அவருக்கு அவமானமாக இருந்தது. அதைவிட, பாவமாக இருந்தது. யார் பாவம் என்று சொல்லத் தெரியவில்லை.

உள்ளே வந்து உட்கார்ந்தார்.

லோகநாயகி காபியை வைத்தாள். பாதி டம்ளர்தான். இப்போதெல்லாம் பாதிதான், சிந்தாமல் இருக்க.

டம்ளரை விட்டு எடுத்த அவள் கையைப் பார்த்தார்.

நகக்கண்ணில் கறுப்பு. கட்டைவிரலில், ஆள்காட்டி விரலில். தேய்த்துத் தேய்த்துக் கழுவியும் போகாத ஆயில் கறுப்பு. உள்ளங்கையில் ஸ்பேனர் பதிந்த சிவப்புக் கோடு.

தாளை மட்டும் மாற்றவில்லை. அடியில் போய்ப் படுத்து முறுக்கியும் பார்த்திருக்கிறாள். முடியாமல்தான் தாளை மாற்றியிருக்கிறாள்.

ஊறுகாய் பாட்டில் மூடியைத் திறக்கக்கூட அவரைக் கூப்பிடுகிறவள். தீபாவளிக்குப் பிறகு ஊறுகாய் வாங்குவதையே விட்டிருந்தாள்.

வாசலில் ஹார்ன் கேட்டது. தம்பி.

லோகநாயகி கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். "நின்னுருச்சுன்னு போய்ச் சொல்லிட்டு வந்தர்றனுங்க" என்றாள். ஆனால் நகரவில்லை.

அவர் எழுந்துபோய்த் தேங்காய் எண்ணெயும் ஒரு துணியும் எடுத்துவந்தார். அவள் கையை முந்தானையிலிருந்து வெளியே எடுத்து, நகத்தைத் துடைக்க ஆரம்பித்தார்.

துணி நகத்தில் நிற்கவில்லை. விரலைத் தாண்டித் தாண்டிப் போனது.

அவள் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அப்போதும் நடுக்கம் நிற்கவில்லை. இரண்டு கையும் சேர்ந்து நடுங்கின.

வாசலில் மறுபடி ஹார்ன்.