ரைஸலுக்கு ஒரு தாள்

“நாப்பது வருஷமா வராதவன் இன்னிக்கு மட்டும் ஏன் வந்தேன்னு கேளேன்” என்றார் ஆரியே, நாஜிகள் கொன்ற யூதர்களுக்கான ஜெருசலேம் நினைவகத்தின் படிகளில் மூச்சு வாங்கியபடி.

“கேக்க மாட்டேன். கேட்டா திரும்பி பஸ் ஏறிடுவ” என்றாள் மனைவி தெவோரா.

முற்றத்தில் ஓர் அமைச்சர் மலர்வளையம் வைத்துக்கொண்டிருந்தார். படம் சரியாக விழவில்லை என்று யாரோ சொல்ல, எடுத்து மறுபடியும் வைத்தார்.

“பாத்தியா? செத்தவங்க ஒரு தடவைதான் செத்தாங்க. இவருக்கு ரெண்டு தடவை துக்கம். இதுக்குத்தான் இந்தப் பக்கமே தலை வெச்சுப் படுக்கல.”

“வாயை மூடிட்டு நட. வியாழக்கிழமை டாக்டருங்க உன் நெஞ்சைத் திறக்கப் போறாங்க, அதுக்குள்ள தங்கச்சி பேரை எழுதிடணும்னு துடிச்சது நீதான்.”

ஆரியே நடந்தார். அவரும் கண் மூடிவிட்டால், ரைஸல் என்று ஒருத்தி இருந்தாள் என்று சொல்ல உலகத்தில் ஆள் கிடையாது.

பெயர்ப் பிரிவில் இருந்த நோகா என்ற பெண் ஒரு தாளை நீட்டினாள். இறந்தவர் ஒருவருக்கு ஒரு தாள். உறவினர் எழுதித் தர வேண்டும்.

“ரைஸல் ஷ்முக்லர். போலந்துல கொலோமியா ஊர். ஒன்பது வயசு” என்று சொல்லிக்கொண்டே எழுதினார்.

“எப்படி இறந்தாங்க, ஐயா?”

“குதிரை லாயத்துல வைக்கோலுக்குள்ள ஒளிச்சு வெச்சுட்டு ரொட்டி தேடப் போனேன். திரும்ப ரெண்டு நாளாச்சு. லாயம் சாம்பலா கிடந்தது.” பேனா நின்றது. “அண்ணன்னு ஒருத்தன் இருந்து என்ன பிரயோஜனம்?”

“இதே குடும்பப் பேர்ல தாள் ஏதாவது இருக்கான்னு பாத்துடறேன். ரெண்டு தடவை பதிஞ்சிடக் கூடாது.”

“எங்க வீட்டுல நான் ஒருத்தன்தாம்மா மிச்சம். வேற யாரு எழுதப் போறா?”

நோகா பழைய கோப்பு ஒன்றோடு திரும்பினாள். “இருக்கே! ஷ்முக்லர், அதே கொலோமியா. ஐம்பத்தாறுல எழுதினது. லைபல்னு ஒருத்தருக்கு. ‘எனக்காக வெளியே போனான், பிடிச்சுக் கொன்னுட்டாங்க’ன்னு போட்டிருக்கு.”

தெவோரா கணவரின் கையை இறுகப் பிடித்தாள்.

“எழுதினவங்க இந்த நாட்டுலயே, ஹைஃபா ஊர்ல இருந்தவங்க. போன வசந்தத்துல தவறிட்டாங்களாம். ‘அம்மா வருஷா வருஷம் வந்து இந்தத் தாளைத் தொட்டுட்டுப் போவாங்க, இனிமே நான் வர்றேன்’னு மகள் கடிதம் போட்டிருக்காங்க.”

“யாரு... எழுதினது?” என்றார் ஆரியே.

“அவரோட தங்கச்சி.” பெயரைப் பார்த்ததும் நோகா திகைத்தாள். “ரைஸல்! அப்படின்னா, இந்த லைபல் யாருங்க?”

“நான்தாம்மா” என்றார் ஆரியே. “இந்த நாட்டுல கால் வெச்ச அன்னிக்கே தூக்கிப் போட்ட பேரு.”