திருப்பி மாட்டினால் தெரியும்

இந்த வீட்டை இன்று விற்காவிட்டால் பில்டர் கடையை மூட வேண்டியதுதான். படத்தில் ஹால் பிரமாண்டமாகத் தெரியட்டுமென்று, போட்டோகிராபரான மைத்துனனை வரவழைத்திருந்தார். அவன் எடுத்த படங்களில் எல்லாம் சுவரின் நட்ட நடுவே, மேலிருந்து கீழாக, மெல்லிய கோடு ஒன்று விழுந்தது.

“கேமராவுக்குப் பின்னால மாட்டியிருக்கியே, படம் பதியற பெட்டி, அந்த டிஜிட்டல் பேக் எந்தக் காலத்துதுடா?”

“பழசுதான் மாமா. சென்சாரைத் துடைச்சேன், பேட்டரி மாத்தினேன். கோடு போகல.”

“எப்படிப் போகும்? உன்னை மாதிரியே அதுவும் தண்டம்.” வீடு வாங்க வந்தவரைப் பார்த்து பில்டர் சிரித்தார். “கல்யாணத்தோட இலவச இணைப்பா வந்தவன் சார்.”

வந்தவர் சிரிக்கவில்லை.

“பேக்கை மட்டும் கழற்றி, படுக்கையா திருப்பி மாட்டுடா. கோளாறு அதுல இருந்தா கோடும் படுத்துடும். சாருக்கு முன்னாலயே உன் லட்சணம் தெரியட்டும்.”

மைத்துனன் அப்படியே மாட்டி எடுத்தான். மூவரும் திரையைக் குனிந்து பார்த்தார்கள். கோடு படுக்கவில்லை; சுவரில் இருந்த இடத்திலேயே நிமிர்ந்து நின்றது.

வாங்க வந்தவர் எழுந்துபோய்ச் சுவரை நகத்தால் கீறினார். புதுப் பெயின்ட் உரிந்து, உள்ளேயிருந்த விரிசல் வாய் திறந்தது.

“தம்பி, அந்தப் பேக்கை விக்கிறதா இருந்தா சொல்லுங்க,” என்றார். “இனிப் பார்க்கப்போற வீட்டுக்கெல்லாம் எடுத்துட்டுப் போகணும்.”